லாரி முடிச்சு

எங்கள் குடும்பத்தில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டத் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. நாமக்கல்லில் பிறந்தவனுக்கு இது பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை. ஆனாலும் நான் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். அப்பாவுக்கு இரண்டு லாரிகள் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லோடு மேல் ஏறிக் கயிறு கட்டுவதுதான் எனக்கு விளையாட்டு. எங்கள் பக்கத்து முடிச்சு ஒன்று உண்டு. கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி முறுக்கி, நுனியைக் கொக்கியில் மாட்டி அந்தக் கண்ணிக்குள் விட்டு, உடம்பின் கனம் முழுவதையும் போட்டு இழுத்து, மிச்சத்தை ஒரு மடிப்பாகச் செருகிவிட வேண்டும். கயிறு விறைப்பாக இருக்கும்வரை அது அசையாது. ஹைதராபாத் வரைக்கும் போகலாம். இறக்குகிற இடத்தில் ஒரு உதறு உதறினால் மொத்தமும் அவிழ்ந்து கயிறு மொழுக்கென்று கையில் வந்துவிடும். அதில் முடிச்சு இருந்த அடையாளம்கூட இருக்காது. அவசரத்துக்குப் பிறந்த முடிச்சு அது.

இந்த முடிச்சை நான் ஒரு மனிதனின் உயிருக்குக் கட்டினேன். அந்த மனிதன் என் தங்கையின் கணவர்.

எனக்கு மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். எருமப்பட்டிப் பக்கம் தோட்டம், கிணறு, கோழிப்பண்ணை என்று இருக்கிற குடும்பம். இரண்டு பேருக்கும் ஒரே வருடத்தில் சர்க்கரை வந்தது. இரண்டு பேரையும் டாக்டர் ஒரே மாதிரி திட்டினார். ஆளுக்கொரு கியர் சைக்கிள் வாங்கினோம். தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஞாயிறு காலை கிளம்பினால் ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மிதித்தோம். ஆறே மாதத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு எழுபது வளைவும் ஏறிவிட்டோம். நாற்பத்தைந்தாவது வளைவில் மாப்பிள்ளை சைக்கிளைச் சாய்த்துவிட்டு, காலையில் தின்ற நான்கு அவித்த முட்டைகளையும் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "பண்ணை முட்டை லோடு, ரிட்டர்ன் வந்திருச்சுங்க மச்சான்" என்றார். நான் ரோட்டில் உட்கார்ந்து சிரித்தேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் கீழே வெயிலில் பண்ணைக் கூரைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. இதுவரை இந்த வெயிலுக்குள்ளேயே கிடந்து செத்தோமே என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். என் வாழ்க்கையில் நல்ல காலை என்று எண்ணினால் அது ஒன்று. அதைக்கூட இப்போது நிம்மதியாக நினைக்க முடிவதில்லை.

சைக்கிள் போதவில்லை. காட்டுப் பாதையில் நடக்க ஆரம்பித்தோம். இன்னும் ஆறேழு பேர் சேர்ந்தார்கள், வாட்ஸப் குழு வந்தது, எல்லோரும் ஒரே நிறத்தில் பனியன் அடித்துக்கொண்டோம். வழி காட்ட மலைக்காரர் ஒருவர் கிடைத்தார். செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஊர். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். செருப்பில்லாமல் முன்னால் நடப்பார். கேட்டால்தான் பேசுவார். மழை வருமா என்றால் வானத்தைப் பார்க்காமல் எறும்பைப் பார்த்து, "மத்தியானத்துக்கு மேல வருமுங்க" என்பார். வரும். எங்களைப் பார்த்து வேறு குழுக்களும் அவரைக் கூப்பிட்டன. செம்மேட்டில் தங்குமிடம் நடத்துகிறவர்களும் வருகிற ஆட்களை அவரோடு அனுப்பினார்கள். மிளகு பறிக்கிற நாள் போக மற்ற நாளெல்லாம் அவருக்கு இதுதான் பிழைப்பு என்று ஆனது. இப்போது அவர், இவர் என்று எழுதுகிறேன். அப்போது அவன், இவன்தான். வயதில் மூத்த மனிதர் என்னை 'ங்க' போட்டுப் பேசுவார், நான் 'வாப்பா, போப்பா' என்பேன். அது தப்பு என்று ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் மாப்பிள்ளை ஒரு வீடியோ பார்த்தார். யாரோ வெளியூர்க்காரன் பாறையில் கயிறு கட்டி இறங்குகிறான். நாமும் இறங்கினால் என்ன என்றார். என்ன என்று நானும் கேட்டேன். இடுப்பில் மாட்டும் வாரையும், கயிறு ஓடும் இரும்பு வளையத்தையும் ஆன்லைனில் வரவழைத்தோம். கயிற்றுக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. "நாமக்கல்லுல இருந்துக்கிட்டுக் கயித்தை எவன்கிட்டயோ வாங்கறதா" என்று சொல்லித் தார்ப்பாய்க் கடையில் புது நைலான் கயிறு வாங்கினேன். நல்ல கயிறுதான். கயிற்றின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

பாறை இறங்கக் கிளம்பிய அன்று குழுவில் மற்றவர்களுக்குக் கல்யாணம், காதுகுத்து. மாப்பிள்ளையும் நானும் மலைக்காரரும் மட்டும்தான் போனோம். அவர் ஒரு பாறையைக் காட்டினார். நாற்பது அடி இருக்கும். பாதியில் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு ஒரு திட்டு, அதற்குக் கீழே நேர்ச் சரிவு. பாறையின் தலையில் நல்ல வைரம் பாய்ந்த மரம். தேன் எடுக்க அவரும் அவர் அண்ணன் தம்பிகளும் இப்படி இறங்கியவர்கள்தான். கயிற்றை வாங்கி அவரே மரத்தில் கட்டினார். மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, அதன் மேல் இன்னொன்று போட்டு, மிச்ச நுனியைக் கிளையில் வேறு கட்டினார். கால் மணி நேரம் ஆனது. மாப்பிள்ளை அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வாரை மாட்டிக்கொள்ளப் பாறை விளிம்புப் பக்கம் போய், எங்கள் பேச்சு கேட்காத தூரத்தில் முதுகு காட்டி நின்றார்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வருகிற சுபாவம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த முடிச்சைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. ஒரு லட்சணம் இல்லை, கயிற்றில் பாதி மரத்துக்கே போய்விட்டது. "என்னப்பா இது, மாட்டைக் கட்டற மாதிரி கட்டியிருக்க" என்று சொல்லி அவர் கட்டியதை அவிழ்த்தேன். அவிழ்க்கவே படாத பாடு பட்டேன். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். ஒரே சுற்றுச் சுற்றிக் கண்ணி முறுக்கி, இழுத்து, செருகினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். "இது தளந்தா அவுந்துராதுங்களா?" என்றார்.

"இது எத்தனை டன் தாங்கின முடிச்சு தெரியுமா உனக்கு?"

"லோடு அசையாம கெடக்குமுங்க. மனுசன் நின்னு நின்னுல்ல போவான்."

"எனக்கே பாடம் எடுக்கறயா? பொறந்ததுல இருந்து கட்டிக்கிட்டு இருக்கேன். அக்கட்டால போ."

அவர் போகவில்லை. முடிச்சுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு காலை வேரில் உதைத்துக்கொண்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். சிரித்தும் இருப்பேன்.

மாப்பிள்ளை இறங்கினார். திட்டு வரைக்கும் அழகாகப் போனார். திட்டில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, "மச்சான், போட்டோ எடுங்க" என்றார். அவர் கனம் கயிற்றை விட்டது. கயிறு தொய்ந்தது. நான் போனைத் தூக்கினேன். மாப்பிள்ளை கயிற்றை ஒரு உதறு உதறிச் சிக்கெடுத்துவிட்டு மறுபடியும் பின்னால் சாய்ந்தார். லோடு இறக்குகிறவன் செய்கிற அதே உதறு. என் முதுகுக்குப் பின்னால் கயிறு மரத்தை விட்டுப் போகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். மலைக்காரர் பாறையில் குப்புற இழுபட்டுக்கொண்டிருந்தார். கயிறு அவர் கைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் விடவில்லை. தோல் கருகிய நாற்றம் வந்தது. விளிம்பில் அவர் தோள் ஒரு கல்லில் முட்டி நின்ற பிறகுதான் நுனி கையை விட்டுப் போனது. மாப்பிள்ளை கடைசிப் பத்துப் பன்னிரண்டு அடிதான் விழுந்தார். தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. அந்தக் கைகள் பிடித்திருக்காவிட்டால் திட்டிலிருந்து நேராகத் தரைக்குப் போயிருப்பார். என் தங்கை தாலியை இழந்திருப்பாள்.

ஊர் ஆட்களைக் கூட்டி வந்து, போர்வையில் இரண்டு கம்பு செருகித் தூக்கி வந்தோம். மலைக்காரர் துண்டைக் கிழித்துக் கைகளில் சுற்றிக்கொண்டு ஒரு பக்கம் தோள் கொடுத்தார். எழுபது வளைவும் வண்டியில் இறங்கும்போது மாப்பிள்ளை ஒவ்வொரு வளைவிலும் அலறினார். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மலைக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு சத்தமும் போடாமல் வந்தார். அவருக்கும் வலிக்கும் என்பது வழியெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.

சேலத்தில், அஸ்தம்பட்டி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தங்கை ஓடி வந்தாள். தலையை வாரக்கூட இல்லை. "என்ற ஊட்டுக்காரரு எங்கண்ணா?" என்றாள். உள்ளே இருக்கிறார், உயிருக்குப் பயமில்லை என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கயிறு எப்பிடிங்ணா அவுந்துச்சு? யாரு கட்டுனது?"

திட்டம் போட்டுப் பொய் சொன்னவன் இல்லை நான். யோசிக்க ஒரு நொடி கிடைத்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் சும்மா. அவள் கண்ணைப் பார்த்தேன். இனி இவள் என் வாசலை மிதிக்க மாட்டாள் என்று தோன்றியது. வாய் தானாகத் திறந்தது. "வழி காட்ட வந்த ஆளுதான் கட்டுனான்" என்றேன். கூடவே, "கையில புடிச்சிருந்தான், வுட்டுட்டான்" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். முதல் பொய்யை அவள் நம்பியிருப்பாள். இரண்டாவதைச் சொல்லும்படி யாருமே கேட்கவில்லை.

தாழ்வாரத்துக் கடைசியில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் சுற்றிய துண்டு ரத்தத்தில் நனைந்திருந்தது. அந்தக் கைகளே சாட்சியாகிவிட்டன. தங்கை நேராக அவரிடம் போனாள். "புடிக்கத் தெரியாதவன் எதுக்குய்யா வந்த? உன்னை நம்பி வந்த மனுசனைக் கொல்லப் பாத்தியே" என்றாள். அவர் அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். நான் போனை எடுத்து யாரையோ கூப்பிடுவது போலக் காதில் வைத்துக்கொண்டேன். அவர் துண்டு சுற்றிய கைகளைக் கூப்பிவிட்டுப் படியிறங்கிப் போனார். அது ஆஸ்பத்திரி. நாலு அடி தள்ளி நர்ஸ் நின்றாள். அவர் கைக்கு ஒரு கட்டுப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டுப் போட்டால் அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாரே என்று பயம்.

மறுநாள் குழுவில் ஒருவர் எழுதினார்: 'இனிமேல் அந்த ஆளை யாரும் கூப்பிட வேண்டாம், மற்ற குழுக்களுக்கும் சொல்லிவிடுங்கள்.' எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். நானும் போட்டேன். செம்மேட்டில் தங்குமிடம் நடத்துகிறவர்கள் காதுக்கும் போனது. அவர் கேரளாவில் ஏதோ எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போய்விட்டார் என்று அடுத்த மழைக்காலத்தில் யாரோ சொன்னார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டேன்.

மாப்பிள்ளைக்குத் தகடு வைத்தார்கள். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. சைக்கிள் பண்ணை ஷெட்டில் தொங்குகிறது. தங்கை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்க கூட இருந்ததாலதான் பொழச்சாருங்ணா" என்பாள். ஒவ்வொரு விசேஷத்திலும், வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். "அட, விடும்மா" என்று அடக்கமாகச் சொல்வேன். அதையும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு வருடம் தாக்குப்பிடித்தேன். போன தை மாதம் மாப்பிள்ளை தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. மத்தியான வெயில். நாங்கள் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். கிளீனர் தார்ப்பாயை இழுத்துவிட்டுக் கயிறு கட்டினான். கண்ணி முறுக்கி, இழுத்து, செருகினான். அந்தச் சத்தம் என்னால் தாங்க முடியவில்லை.

"மாப்ள, அன்னிக்குக் கட்டுனது நான்தானுங்க" என்றேன்.

அவர் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியுமுங்க மச்சான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அலட்டிக்கொள்ளாமல் பேசினார். "கீழ கெடக்கறப்ப கயிறு முழுசும் என்ற மேலதான் வுழுந்து கெடந்துச்சு. நுனியைப் பாத்தேன். அறுந்தும் போகல, ஒரு முடிச்சும் இல்ல. மொழுக்குனு இருந்துச்சு. அந்தாளு போட்ட முடிச்சை நான் பாத்துட்டுத்தானுங்களே போனேன். அது அப்பிடி அவுறாது. நம்மூர் முடிச்சுதான் அப்பிடி அவுறும்."

"தெரிஞ்சும் ஏனுங்க சொல்லல?"

"சொன்னா? உங்க தங்கச்சி உங்க மொகத்துல முழிப்பாளா? அத்தை மாமன் எங்க ஊட்டுக்கு வருவாங்களா? பொறந்த ஊட்டு ஒறவே அத்துப் போயிரும்." ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "அவன் நமக்கு மாமனா மச்சானா? போனாப் போறான்னு வுட்டுட்டேன்."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். உங்களைக் காப்பாற்றிய கை அது என்று கத்தியிருக்க வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. இரண்டு பேரும் டீ குடித்தோம். லாரி கிளம்பிப் போனது. அன்று எனக்கு வந்த அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.

அந்தக் குமட்டல்தான் என்னை மலைக்கு அனுப்பியது. அவர் எஸ்டேட்டிலிருந்து திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு தனியாகப் பஸ் ஏறிப் போனேன். வீட்டு வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சாமி" என்றார். உட்காரப் பலகை போட்டார். அவர் சம்சாரம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். இவர் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கினார். விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கை இரண்டும் ரேகை இல்லாமல் பளபளவென்று இருந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சை, ஆஸ்பத்திரியை, தங்கையிடம் சொன்ன பொய்யை, கட்டைவிரலை. முதல் தடவையாக அவரை 'நீங்கள்' என்று கூப்பிட்டேன். அழுதும் விட்டேன். நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இதச் சொல்லவா இத்தன தூரம் வந்தீங்க?" என்றார்.

"ஆமாங்க."

"எனக்குத்தான் தெரியுமேங்க." குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். "தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. உங்க தங்கச்சிப் பாப்பாகிட்டச் சொல்லுங்க. உங்க ஆளுங்ககிட்டச் சொல்லுங்க. செம்மேட்டுல சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப்போவுது?"

சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். நம்பித் தலையாட்டவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரே ஞாபகப்படுத்தினார்.

செம்மேட்டில் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நின்றேன். எதிரிலேயே தங்குமிடம் நடத்துகிறவர் ஒருவர் கடை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரோட்டைக் கடந்தால் பத்தடி. நான் கடக்கவில்லை. எழுபது வளைவும் இறங்கி நேராக எருமப்பட்டிக்குப் போனேன். தங்கை கோழிக்குழம்பு வைத்திருந்தாள். மாப்பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "எங்கண்ணா போயிட்டு வாரீங்க, மொகமெல்லாம் கறுத்துக் கெடக்குது?" என்று கேட்டாள்.

"சும்மா மலைக்கும்மா" என்றேன். மாப்பிள்ளை இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவள் எனக்கு ஈரலை எடுத்து வைத்தாள்.

அது ஆகி எட்டு மாதம் ஆகிறது. குழுவில் இன்னும் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது மலை உச்சியில் நின்று படம் போடுகிறார்கள், நான் கட்டைவிரல் போடுகிறேன். வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது தொலைப்போம் என்றுதான் இதற்கு உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்க்கிறேன். அவர் பெயரை எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. தங்கை வீட்டில் புத்தகம் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. அது தெரிந்துதான் இவ்வளவு தைரியமாக எழுதியிருக்கிறேன்.